குறியெதிர்ப்பை முதல் வாரத் தவணை வரை

புறநானூற்றின் 163-ஆம் பாட்டைப் பெருஞ்சித்திரனாரின் கொடைமனத்துக்குச் சான்றாகத்தான் வகுப்புகளில் நடத்துகிறோம். குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய புலவர், கொண்டுவந்த செல்வத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொல்கிறார். யார் யாருக்கு என்று ஒரு பட்டியலும் தருகிறார். அதில் ஒரு சாரார், வீட்டார் பசித்திருந்த காலத்தில் அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்கள். அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. வட்டி இல்லை, ஈடு இல்லை, எழுத்தும் இல்லை. திருக்குறளின் ஈகை அதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது.

எனக்கு அந்தப் பாட்டில் கொடையைவிடக் கடன்தான் முக்கியமாகப் படுகிறது. புலவர் அரசர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? அவள் பக்கத்து வீடுகளுக்குப் போய் அளந்து வாங்கிவந்திருக்கிறாள். யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு அவள் மனத்தில்தான் இருந்திருக்கும். அதனால்தான் அவர் ஒரு பேரையும் சொல்லாமல் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுகிறார். ஒரு பெண் வாங்கிய கடனைப் பற்றித் தமிழில் கிடைக்கிற பழைய குறிப்புகளில் இது ஒன்று. அவளுடைய பேரும் நமக்குத் தெரியாது.

இன்றைய வழக்கில் இதைக் கைமாற்று என்கிறோம். திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்ற மூன்று நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் பேசும்போது இந்தக் கைமாற்றைப் பற்றி நிறையக் கேட்கலாம். (மலையாளி என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளில். இவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு படி சாமை வாங்கினால் அறுப்பு முடிந்து ஒரு படி சாமை. உப்பு, மிளகாய், ஒரு கொள்ளிக்கட்டை நெருப்புகூட. இந்தக் கணக்கில் யாரும் திவாலாகிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. திவாலாக்கிய கணக்குகள் வேறு இடத்திலிருந்து வந்தன. அவை எப்படி மலையேறின, பெண்களின் சிக்கனம் எப்போது அவற்றுக்குத் தீனியானது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலையாளிகள் ஜவ்வாது மலைக்கு வந்த கதையை வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு எழுதிவைத்தது. எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் அதை எடுத்தாண்டார். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப்போகிறார்கள். மீட்கப் போன ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பிவந்தால் நாங்கள் செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிடுகின்றன. வேடர்களைக் கொன்று ஆண்கள் ஊர் வந்து சேரும்போது வீட்டில் கருமாதி முடிந்து மனைவியர் கைம்பெண்களாகியிருக்கிறார்கள். சாதியில் இடமில்லாமல்போன அந்த ஆண்கள் வேடர் பெண்களை மணந்துகொண்டு மலையேறினார்கள் என்கிறது கதை.

எத்தனை பெண்கள் இந்தக் கதையில்! தூக்கிப்போகப்பட்டவர்கள், தாலியறுத்தவர்கள், மணந்துகொள்ளப்பட்டவர்கள். நாய்களுக்குக்கூட எண்ணிக்கை உண்டு. வேடர் பெண்களுக்கு அதுவும் இல்லை. வேளாண்மை தெரிந்த சமவெளி ஆண்கள் மலையேறினார்கள் என்றே கதை முடிகிறது. முதல் விளைச்சல் வரும்வரை அவர்கள் எதைத் தின்றார்கள் என்று அது கேட்கவில்லை. எந்தக் கிழங்கை எத்தனை முறை தண்ணீர் மாற்றி வேகவைத்தால் கசப்பும் நஞ்சும் போகும், எந்தக் கீரை எந்த மாதத்தில் துளிர்க்கும் என்பதெல்லாம் காட்டில் பிறந்த அந்தப் பெண்களுக்கே தெரிந்திருக்கும். கதை வரலாறாக நடந்ததோ இல்லையோ, மலையின் சிக்கனம் யாரிடமிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க அது போதும்.

அந்தச் சிக்கனத்தில் காசுக்கு அதிக வேலை இருக்கவில்லை. கொத்துக்காட்டில் சாமை, கேழ்வரகு, ஊடே அவரை, மொச்சை, கொள்ளு. பலாச்சுளை தின்றால் கொட்டையைச் சாம்பலில் புரட்டி மழைக்காலத்துக்கு வைப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியவை உப்பு, சீலை, பிற்காலத்தில் மண்ணெண்ணெய். அவற்றுக்கும் தேனோ கடுக்காயோ கொடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தது.

1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் இந்த ஏற்பாட்டின் அடியில் கைவைத்தது. காடு ஒதுக்குக்காடாகக் குறிக்கப்பட்டது. எரித்து, கொத்தி, சில ஆண்டு விளைவித்து, பிறகு நிலத்தை ஆறவிட்டு நகரும் பயிர்முறை குற்றமாகப் பார்க்கப்பட்டது. ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போய் ஏலத்தில் விற்றது. தன் வீட்டுப் பின்புறம் நிற்கும் சந்தன மரத்தைத் தொட்டால் வழக்கு என்று ஆனது. மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகின. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அவற்றுக்கு வேண்டியிருந்தன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ்களுக்குச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகப் போனது. அந்தத் தோலைப் பதப்படுத்திய பட்டையையும் காயையும் வடதமிழகத்துக் காடுகளிலும் கரடுகளிலும் உரித்துப் பொறுக்கிய கைகள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. குத்தகை எடுத்தவர் பேர் இருக்கும்.

காடு சுருங்கியபின் காசு தேவைப்பட்டது. காசு புளியமரத்தில் இருந்தது.

புளிக்கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாமை ஐப்பசி, கார்த்திகையில்தான் வீடு வந்து சேரும். அதற்கு முந்தைய ஆடி, ஆவணியில் பானை காலி. அதே ஆடியில் புளியமரம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. பழம் உலுக்க மாசி, பங்குனி ஆகும். பானை காலியாக இருக்கும் மாதத்தில் வியாபாரி வருகிறார். பூவைப் பார்த்தே விலை பேசி முன்பணம் தருகிறார். ஏழெட்டு மாதம் கழித்துப் புளி சந்தையில் என்ன விலைக்குப் போனாலும் பூ விலைதான் விலை. இதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை. ஆனால் ஆடியில் பேசிய விலைக்கும் பங்குனிச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை முன்பணத்தோடு வைத்துக் கணக்குப் பார்த்தால், கந்துவட்டிக்காரர் நாணப்பட வேண்டும்.

விலை பேசுவது ஆண். மரம் அவன் பேரில், அல்லது அவன் அப்பன் பேரில். மரம் உலுக்குவதும் அவன். அதன் பிறகு வருவது பெண்ணின் வேலை: பொறுக்க, காயவைக்க, ஓடு தட்ட, நார் உரிக்க, கொட்டை எடுக்க. ஓட்டோடு விற்கும் புளிக்கு ஒரு விலை, கொட்டை எடுத்த புளிக்கு வேறு விலை. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருப்பது அவளுடைய விரல்கள். எடுத்த கொட்டையும் வீணாவதில்லை. துணிக்குக் கஞ்சி போடும் மாவாக ஆலைக்குப் போகிறது. மரத்துக்காரன் வீட்டிலேயே உட்கார்ந்து தட்டினால் அது ‘வீட்டு வேலை’. அடுத்தவர் புளியைத் தட்டினால் கிலோவுக்குக் கூலி. அந்தக் கூலிக்கு ஊரில் பேர் ‘கைச்செலவுக் காசு’.

புதூர்நாட்டில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். ஒருமுறை புளி தட்டிக்கொண்டே சொன்னார்: “கடன் எங்க ஊட்டுக்காரரு பேருல டீச்சர். அதுக்கு வட்டி மட்டும் என் வெரலு வழியா போவுது.” அவர் வீட்டில் தேநீருக்குப் பால் கிடையாது. சோப்பு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும்போது மட்டும். சீத்தாப்பழக் காலத்தில் விடியலுக்கு முன் கூடை சுமந்து இறங்குவார். மிச்சப்படுத்தியதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். சாமைப் பானைக்குள் என்றார். சிறுவாடு என்ற சொல்லைத் தமிழ்ப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு திருத்தம் மட்டும் சொல்லலாம்: சிறுவாட்டை ஏதோ பெண்களின் செல்லக் குறும்பு போல, புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கும் ரகசியம் போலச் சிரிப்புத் துணுக்குகளில் எழுதுகிறார்கள். அந்த அக்காவின் பானையில் இருந்தது ரகசியம் இல்லை. வியாபாரிக்கும் வீட்டுக்கும் அது தெரிந்தே இருந்தது. கணக்கு இடித்தால் ‘பானையைப் பாரு’ என்பதுதான் முதலில் வரும் வார்த்தை.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1895-இல் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக் கிராமக் கடனைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். அதன் வழியில் 1904-இல் திருவள்ளூருக்குப் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் வந்தது. 1938-இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசலைப் போல இருமடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்ற அளவுக்குத் துணிச்சலான சட்டம் அது. அதைப் படித்துப்பார்த்தால் விவசாயி என்பவர் நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர். பெண் எங்கே வருகிறாள் என்று தேடினேன். 4-ஆம் பிரிவில் விலக்குகளின் வரிசையில் வருகிறாள்: வேறு சொத்தில்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன் 3,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அதைச் சட்டம் தொடாது. நகை விற்ற காசை வட்டிக்கு விட்டு வாழ்ந்த கைம்பெண்களைக் காப்பாற்றும் நல்ல எண்ணம்தான். நிலமில்லாமல், பட்டாவில் பேரில்லாமல், தன் விரலால் கடன் அடைக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. கடன் கொடுத்தவளாக மட்டுமே சட்டம் அவளைத் தனித்துப் பார்த்தது.

விடுதலைக்குப் பிறகு ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வு 1954-இல் வெளிவந்தது. இந்தியக் கிராமங்களின் கடனில் சுமார் 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து, கூட்டுறவுகளிடமிருந்து சுமார் 3 சதவீதம் என்று அது சொன்னது. ஐம்பதாண்டு கூட்டுறவின் பலன் அவ்வளவுதான். 1970-களில் பழங்குடிப் பகுதிகளுக்கென்று லேம்ப் சங்கங்கள் என்ற பெரும்பல்நோக்குக் கூட்டுறவுகள் வந்தன. விளைபொருளை வாங்குவது, கடன் தருவது இரண்டையும் ஒரே இடத்தில் செய்தால் வியாபாரியின் பிடி தளரும் என்ற அந்த யோசனை சரியான யோசனை. சங்கம் காசு தரும் நாளுக்கு முன்பே வியாபாரி தந்துவிடுவார் என்பதுதான் சிக்கல். ஆடி மாதம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

மலைக்கு வெளியே போய்ச் சம்பாதித்துக் கடன் அடைப்பது அடுத்த வழி. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கினால் கூலி ‘ஜோடி’க் கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரு தொகை. குழைப்பது, அறுப்பது, அடுக்குவது இருவரும். முன்பணம் அவன் பேரில், கணக்கு முடிப்பதும் அவனோடு. பிள்ளைகள் கல் புரட்டினால் அது கணக்கிலேயே வராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணத்துக்காக உழைப்பைக் கட்டிப்போடுவது குற்றம் என்கிறது அது. ஜோடியில் பாதியாக நிற்பவளுக்குத் தனிக் கூலி எது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனால் தனிக் கூலி உண்டு என்பதற்காகவே அங்கே போக விரும்பும் பெண்களை எனக்குத் தெரியும்.

ஆண்கள் வேறோர் இடத்துக்கும் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏன் போனார்கள் என்பதற்கு ‘ஆசை காட்டிய ஏஜென்டுகள்’ என்றும் எழுதின. ஒரு நாள் வெட்டுக்குச் சொன்ன கூலி, சூளையில் பல வாரங்களுக்கு ஈடு. வீட்டுக் கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. கடன்காரன் செத்தால் கடன் சாவதில்லை என்பது மலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எப்போதும் கட்டியவளே தொடர்ந்து கட்டுகிறாள், இனி அதற்கு அவள் பேரையே போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு மாற்றத்தோடு.

பெண்ணின் பேரில் கடன் என்பது அதற்கு முன்பே பரவிவிட்டது. அதன் தொடக்கம் கௌரவமானது. அகமதாபாத்தில் 1974-இல் 4,000 சுயதொழில் பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். ஜவ்வாது மலைக்கு அடுத்த தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. அதுதான் பின்னால் மாநிலம் முழுவதும் மகளிர் திட்டம் ஆனது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தம் பேரைத் தாமே எழுதி, சிறுவாட்டைப் பானையிலிருந்து எடுத்து நோட்டில் ஏற்றினார்கள். முதல்முறையாக அந்தக் காசுக்கு ஒரு வரிசை எண் கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வங்கிக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்த கதையை இன்றும் கண்ணில் ஒளியோடு சொல்கிறார்கள்.

அந்த வட்டத்தின் மேல்தான் நுண்கடன் நிறுவனங்கள் வந்து உட்கார்ந்தன. பெண்கள் கைமாற்றைத் திருப்பித் தராமல் இருக்க மாட்டார்கள், ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் கைகொடுப்பாள் என்று பல நூற்றாண்டுகளாகத் தேறியிருந்த நம்பிக்கைதான் அவற்றுக்கு ஈடு. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், பத்துப் பெண்கள் சேர்ந்து வாருங்கள் என்றார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை கூட்டம் கலையக் கூடாது. கைமாற்றில் கொடுப்பவளுக்கு மறுக்கும் உரிமை உண்டு, வாங்குபவளுக்கு அறுப்புவரை அவகாசம் உண்டு. இரண்டும் இதில் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்ணையே வசூல்காரியாக்கிவிட்டது இந்த ஏற்பாடு. 2010-இல் ஆந்திரத்தில் நடந்த தற்கொலைகளும், இலங்கையின் ஹிங்குராக்கொடையில் 2021 மார்ச் 8 அன்று நுண்கடனை ரத்துசெய்யக் கோரிச் சத்தியாகிரகத்தில் உட்கார்ந்த பெண்களும் நமக்கு எச்சரிக்கைகள்தாம். வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்த வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொள்பவர் கடன் கொடுக்க வருகிறவரே.

இதற்கு நடுவில் உருப்படியான வேறொரு வழி இருந்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டின் சிறுவிளைபொருள்களுக்குப் பழங்குடிகளையே உரிமையாளராக்கியது. நில உரிமையைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் சேர்த்து எழுதச் சொன்னது. நான் மேலே சொல்லிவந்த சட்டங்களில் மனைவியின் பேரை எழுதியே ஆக வேண்டும் என்ற சட்டம் இது ஒன்றுதான். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த எட்டு ஆண்டுகளில் நுண்கடன்காரர்களின் மோட்டார் பைக்குகளுக்கு மலைப்பாதை பழகிவிட்டது.

அக்காவுக்கு இப்போது இரண்டு குழுக்கடன். திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. ஒன்று மகளின் பிரசவத்துக்கு, மற்றது பழைய புளிக்கடனை முடிக்க. 2023 செப்டம்பர் முதல் வரும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, 15-ஆம் தேதி வங்கிக் கணக்குக்கு வருகிறது, அடுத்த திங்கள் போய்விடுகிறது. ரேஷன் அரிசி இலவசமானபின் சாமை குத்துவது குறைந்தது. அந்த நேரத்தில் ஓய்வெடுப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் அடுத்தவர் புளியைத் தட்டுகிறார். வெற்றிலையை நிறுத்தியாயிற்று, டிவி ரீசார்ஜை நிறுத்தியாயிற்று. சிக்கனம் பற்றிப் பெண்களுக்கு அறிவுரை சொல்லும் நூல்கள் வாரப் பத்திரிகைகளின் இணைப்பாக வருகின்றன; நிறுத்த வேண்டியவற்றின் பட்டியல் அவற்றில் இருக்கும். அக்காவின் வாழ்க்கையில் அந்தப் பட்டியலிலிருந்து நிறுத்துவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

கடன் வசூலில் மிரட்டுவதையும் பின்தொடர்வதையும் குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு 2025-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று ‘ஏண்டி, உன்னால நாங்களும் உக்காந்திருக்கோம்’ என்று கேட்பதை அது எந்தப் பிரிவில் சேர்க்கும் என்று எனக்கு ஒரு யோசனை. போன தையில் அவர்கள் குழுவில் ஓர் இளம்பெண்ணுக்கு 850 ரூபாய்த் தவணை கட்ட முடியவில்லை. மற்ற ஒன்பது பேரும் பிரித்துப் போட்டார்கள். இரண்டு மணிநேரம் ஏச்சும் பேச்சும் நடந்தது. அடுத்த வாரம் அவள் காசு கொண்டுவரவில்லை. ஒரு மூட்டையிலிருந்து ஆளுக்கு அளந்து சாமை கொடுத்தாள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பானையிலும் அன்று ஒன்றுமில்லை.